ஓரகத்திகளின் தனிக்குடித்தனம்

எங்கள் மீன் ஆய்வகத்தின் உதவியாளரை எல்லோரும் ‘பென்சில் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். சோதனைக் குழாயில் ஒட்டும் சீட்டில் எண் எழுத நாங்கள் விதவிதமாகப் பேனா வாங்குவோம். ஒரு சொட்டு ஸ்பிரிட் சிந்தினால் போதும், எண் போய்விடும். அக்கா பென்சிலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. காதோரம் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். “பேனா பகட்டு, பென்சில் பத்திரம்” என்பார். கேட்டுக் கேட்டு அப்போது காது புளித்துப்போனது. இப்போது ஒருமுறை கேட்க முடியாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

நோயை எதிர்க்கும் மரபணுக்கள் மீனுக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுவதுதான் எங்கள் வேலை. அவற்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. உடம்புக்குள் நுழைந்த கிருமியைக் காட்டிக்கொடுப்பவை அவை. மனிதரில் இரண்டும் ஒரே குரோமோசோமில், அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. மீனிலும் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் தலைவர் சத்தியம் செய்யாத குறை. பக்கத்தில் இருந்தால் தாயிடமிருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே போகும்; தனித்தனியாக இருந்தால் பாதிப் பிள்ளைகளில் பிரிந்துவிடும். ஒரே தாய்க்குப் பிறந்த தொண்ணூற்றாறு மீன்களின் வால் நுனியைத் துளி வெட்டி, வகைக்கு ஒன்றாக இரண்டு குழாயில் போட்டது அக்கா, சோதித்தது நான்.

சேர்ந்து போனவை நாற்பத்தொன்பது. பிரிந்து போனவை நாற்பத்தேழு. பூவா தலையா போட்டதுபோல ஏறக்குறைய சரிபாதி.

“குழாயெல்லாம் மாறிப்போச்சு” என்றார் தலைவர். “அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. இந்த மாசத்தோட அனுப்பிடலாம். நோட்டுல எழுதுங்க.”

‘குழாய்கள் மாறியுள்ளன. உதவியாளரின் தவறு’ என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் அக்கா ஒரு குழாயைக்கூட மாற்றியதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் வேலையும் தலைவர் கையில்தானே இருந்தது.

அக்கா நோட்டைப் படித்தார். அழவில்லை.

“நான் மாத்தலம்மா. மீன்கிட்டயே திரும்பக் கேட்டுப் பாத்துடுவோம்.”

“எந்த மீன்கிட்ட அக்கா? எல்லாத்தையும் பொதுத் தொட்டியில விடச் சொல்லியாச்சே!”

அக்கா சாமான் அறைக் கதவைத் திறந்தார். அலமாரி முழுக்க ஜாம் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு மீன், மேலே பென்சில் எண். தன் வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு என்று வாங்கிச் சேர்த்த பாட்டில்களாம். தினமும் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் மாற்றியிருக்கிறார்.

“தொட்டியில விட்டா எது எதுன்னு எப்படித் தெரியும்? அதான்” என்றார். வெட்டிய வால்கள் அதற்குள் வளர்ந்திருந்தன.

மறுபடி வெட்டினோம். தலைவர் இந்த முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் விடை வந்தது. நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு. மீனுக்கு மீன் அப்படியே ஒத்துப்போனது. குழாய் மாறவில்லை, மீனில் அந்த இரண்டு வகையும் வேறுவேறு குரோமோசோமில் இருக்கின்றன.

“ஒண்ணாச் சேந்து வேலை செய்யறது எப்படி தனித்தனியா இருக்கும்?” தலைவருக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

“ஏன் சார் இருக்காது?” என்றார் அக்கா. “நானும் என் ஓரகத்தியும் தனிக்குடித்தனம் போய் இருபது வருஷம் ஆச்சு. மாமியாருக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா ரெண்டு பேரும் ஓடி வந்துடுவோம். ஒரே வீட்டுல இருந்தப்பதான், யார் மாத்திரை குடுக்கறதுன்னு சண்டை.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்று முதல் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கண்டுபிடிப்புக்கே ‘தனிக்குடித்தனம்’ என்று பெயராகிவிட்டது. அக்காவின் வேலையும் நிலைத்தது.

சாயங்காலம் அக்கா என் மேசைக்கு வந்தார். நோட்டை விரித்து வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை என் கையில் கொடுத்தார்.

“உன் பேனா எழுத்துதானே. போயிடும். துடை.”

துடைத்தேன். எழுத்து போனது, மை பரவிப் பக்கம் முழுக்க நீலமானது. அக்கா காதோரப் பென்சிலை எடுத்து, அந்த நீலத்தின் மேலேயே ‘குழாய்கள் சரி’ என்று எழுதி, தேதி போட்டுவிட்டுப் போனார்.

அக்கா ஓய்வு பெற்று ஊர் மாறிப் போய் ஆறு வருடமாகிறது. ஜாம் பாட்டில்கள் போய், அந்த அறையில் இப்போது ஏதோ இயந்திரம் ஓடுகிறது. நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. நீலம் வெளுத்துவிட்டது, பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. “மன்னிச்சுடுங்க அக்கா” என்று அன்று நான் சொல்லவில்லை.