மாதா படத்தில் முகம் தேடிக் கொடைக்கானல் போனோம்

போன வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றேன். நான் மெதுவாக எழுதித் தர, மகன் முருகேசன் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். 2008 நவம்பரில், கொடைக்கானல் மியூசியத்தில் பழைய கிறிஸ்தவ ஓவியங்களின் அசல்களை வைத்திருப்பதாகச் சுவரொட்டியில் நானே படித்தேன். என்ன சந்தோஷம்!

எங்கள் பழைய தோட்டத்துச் சர்ச் மாதா படமும் அதில் உண்டு என்று போட்டிருந்தது. அந்தப் படம் எனக்குத் தெரியும். சிலோனிலிருந்து திரும்பி மலையில் காப்பித் தோட்டத்தில் இருந்தபோது, ஒரு வெள்ளைக்காரச் சாமியார் என் மனைவி செல்லம்மாளை உட்காரவைத்து மாதாவை வரைந்து தோட்டத்துச் சர்ச்சில் மாட்டினார். முருகேசனுக்கு ஒரு வயதில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ ஒன்றுகூட இல்லை. இரண்டு வருடம் கழித்து மலையிறங்கி ஒட்டன்சத்திரம் மண்டியில் மூட்டை தூக்கினேன். பிறகு மேலே போக மனம் வரவில்லை. மகனுக்கு அம்மா முகத்தைக் காட்டத்தான் இந்தப் பயணம்.

ஒட்டன்சத்திரத்தில் வெள்ளனே பஸ் ஏறினோம். பழனிக்கு முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து மலைக்கு அறுபத்தைந்து, மூன்று மணி நேரம். வளைவுக்கு வளைவு போர்டுகளை வாய்விட்டுப் படித்தேன்.

“யப்பா, ஹாரன் அடின்னு டிரைவருக்குத்தான் எழுதிருக்கு. நீ கத்தாத” என்றான் மகன். முன்சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மியூசியத்தில் நுழைவு ஐந்து ரூபாய். ‘படங்களைத் தொடாதீர்கள்’ என்ற போர்டை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

கடைசிச் சுவரில் அந்தப் படம். நீல முக்காடு, மடியில் குழந்தை, மணிக்கட்டில் செல்லம்மாள் பச்சை குத்தியிருந்த மூன்று புள்ளிகள். முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்புத் துணி.

“அம்மா எங்கப்பா?”

காவலுக்கு இருந்த பெண்தான் பதில் சொன்னாள். “சர்ச்சுல கைக்கு எட்டுற மாதிரி மாட்டிருந்தாங்கய்யா. சனம் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டே அழிஞ்சுபோச்சு.”

“திரும்ப வரையக் கூடாதாம்மா? நான் அடையாளம் சொல்றேன்.”

“ஒரிஜினலுங்கய்யா. யாரும் கை வைக்கக் கூடாது.”

மகன் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். “என்னைய மாதிரியா இருக்கும்?”

“மூக்கு உன் மூக்குதான்லே.”

போகிறவர்கள் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். மஞ்சு இறங்கினால் உள்ளே இருட்டிவிடும். கம்பளி கட்டாயம்.

நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் மலையிறங்கும்வரை ஞாயிறுதோறும் நானும் அந்தக் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன். மகனிடம் சொல்லவில்லை. இதை ஏற்றும்போது படித்துக்கொள்வான். அந்தத் ‘தொடாதீர்கள்’ போர்டை அன்றைக்கே சர்ச்சில் மாட்டியிருக்கலாம். மாட்டியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிந்திருக்காது.