யாரா இருந்தாலும் கேளுங்க

எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸை முகத்துக்கு நேரே எல்லோரும் சிஸ்டர் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சோப்பு சிஸ்டர். அது அவளுக்கும் தெரியும், கோபம் வந்ததில்லை. கை கழுவாமல் நோயாளியைத் தொடுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது.

சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தாள், கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்தாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கத்தியைப் பிடிக்கத் தெரிந்த டாக்டர்களுக்குக் குழாயைத் திறக்க மட்டும் கை வரவில்லை. எலும்பு ஒடிந்து வந்தவர்கள் சீழ் பிடித்துக் கிடந்தார்கள். கடைசியில், படித்தவர்களிடம் சொல்லிப் பயனில்லை, படுத்திருப்பவர்களைக் கேட்க வைப்போம் என்று கட்டில் கட்டிலாகப் போனாள்.

"தொட வர்றவங்க யாரா இருந்தாலும் கேளுங்க, கை கழுவினீங்களான்னு. பெரிய டாக்டரே வந்தாலும் விடாதீங்க."

யாருக்கு வாய் வரும்? கொஞ்ச நாள் ஒருவரும் மூச்சு விடவில்லை. இடுப்பு ஒடிந்து கிடந்த காய்கறிக் கடைக்கார அம்மாள்தான் பூனைக்கு மணி கட்டினாள்.

"கை கழுவினீங்களா தம்பி? கத்தரிக்காயத் தொடறவங்களையே நான் கேப்பேன்."

பெரிய டாக்டரின் முகம் கறுத்தது. ஆனாலும் போய்க் கழுவிவிட்டு வந்தார். அவரே கழுவியபின் மற்றவர்கள் எந்த முகத்தோடு மறுப்பார்கள்? கேட்பது வார்டில் பழக்கமாயிற்று, சீழும் குறைந்தது. சோப்பு சிஸ்டர் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

அந்த வார்டுக்கே அவள் தம்பி வந்து சேர்ந்தான். பெயின்ட் அடிக்கிறவன், சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அக்கா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. "என் வார்டுல இருக்க. உன் காலுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

சில நாளில் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தால் நாற்றம். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. உயிரா காலா என்று வந்தபோது காலை எடுத்தார்கள்.

அவள் வார்டையே ஆட்டி வைத்தாள். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்ணைத் தேம்பித் தேம்பி அழ விட்டாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆத்திரம் தம்பி மேல் திரும்பியது.

"உனக்கு வாய் இல்லையாடா? யாரு கை கழுவாம தொட்டது?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விடுக்கா."

"விட மாட்டேன். யாரா இருந்தாலும் கேளுன்னு எத்தனை தடவ சொன்னேன்? சொல்லித் தொலை."

"ஆபரேஷனுக்கு அப்புறம் வலி தாங்காம கத்தினேன்ல. நீ பக்கத்துக் கட்டில்ல கட்டுப் பிரிச்சிட்டிருந்த. கையுறையக் கழட்டிப் போட்டுட்டு அப்படியே ஓடி வந்த. என் கட்டு ஓரமா பிரிஞ்சிருந்துச்சு, உள்ள தள்ளி அழுத்தி விட்ட." சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினான். "உன்ன எப்படிக்கா கேக்கிறது?"

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது சிஸ்டர். விழுந்தப்பவே மண்ணு உள்ள போயிருக்கலாம்" என்றார், அவள் போய்ச் சொன்னதைக் கேட்ட பெரிய டாக்டர். உண்மையைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, அவளுக்குப் புரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. பயிற்சி நர்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் "பரவால்ல சிஸ்டர்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

தம்பி இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறான். வேலை முடிந்து வந்ததும் அவள்தான் அவனுக்குக் கட்டு மாற்றுகிறாள். முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரக் கையை நீட்டியபடி கட்டிலருகே நிற்கிறாள்.

"கேளுடா."

"கழுவினதத்தான் பாத்தேனே. வாக்கா."

"பாத்தா போதாது. வாயத் திறந்து கேளு."

அவன் போர்வையை விலக்கி, வெட்டியது போக மிச்சமிருக்கும் காலை அவள் பக்கம் நகர்த்திக் கொடுக்கிறான். கேட்பதில்லை.