கிளிசரின் இல்லாத அழுகை

பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான் பலமுறை செத்திருக்கிறேன். பஸ்ஸில் அடிபட்டு, கடலில் மூழ்கி, மொட்டை மாடியிலிருந்து விழுந்து என்று விதவிதமாகச் செத்தேன். எல்லாச் சாவும் சென்னையில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில், என் அக்காவின் காதுக்குள் நடந்தவை. அந்த நேரத்தில் நான் மூன்று நான்கு மணி நேரப் பஸ் தூரத்தில், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அரைஞாண் கயிறோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருப்பேன். என் நினைவில் இருக்கும் முதல் காட்சியே அக்கா ஊர் திரும்புவதுதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் வருவாள். என்னைக் கண்டதும் கையை உதறிவிட்டு ஓடிவந்து கன்னம், தலை, முழங்கால் எல்லாம் தடவிப் பார்ப்பாள். பிறகு தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. நான் அலறிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். "ஏண்டி, வந்ததும் வராததுமா புள்ளயக் கிள்ற?" என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைப்பாள். பொறாமை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தவித்தவருக்கு, அக்காவின் பெரிய கண்கள் பிழைக்கும் வழியாகத் தெரிந்துவிட்டன. யாரோ தெரிந்தவர் சொல்லி ஒரு சீரியலுக்குக் குழந்தை தேடுகிறார்கள் என்று கூட்டிப்போனார். அம்மாவைத் தொலைத்துவிட்டுத் தேடும் சிறுமி வேடம். அழுவதைத் தவிர அந்தச் சிறுமிக்கு வேறு வேலையே கிடையாது. கோயில் வாசலில் அழுவாள், ரயிலில் அழுவாள், சித்தியிடம் அடிவாங்கி அழுவாள். மற்ற குழந்தைகளுக்குக் கண்ணில் கிளிசரின் தடவுவார்கள். "எங்க புள்ளைக்கு அதெல்லாம் வாணாம் சார்" என்று அப்பா சொல்வாராம். அவரே போய் அவள் காதருகே குனிந்து கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டும். யூனிட்டே கை தட்டும்.

ஊரில் அவளுக்கு இருந்த மவுசைச் சொல்லி முடியாது. பெரிய மார்க்கெட்டுக்கு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனால் வைத்திக்குப்பத்து மீன்காரம்மாக்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வருவார்கள். "ஐய, என் கண்ணு! ஒரு வாட்டி அழுவு பாப்போம்!" என்று கன்னத்தை வழிப்பார்கள். அக்கா அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "ராங்கி புடிச்ச புள்ள, காசு குடுத்தாத்தான் அழுவும்போல" என்று சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நானும்தான்.

ஒருநாள் சீரியலில் 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டார்கள். அம்மாவைத் தேடிய சிறுமி நிலைக்கண்ணாடி முன் திரும்பினாள், வேறொரு பெண்ணாக. அக்காவின் பிழைப்பு அந்த ஒரு திரும்பலில் முடிந்தது. அதன் பிறகும் அப்பா விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து கம்பெனி கம்பெனியாக இழுத்துப்போனார். அவளோ கிடுகிடுவென்று உயரமாகிக்கொண்டிருந்தாள், முகத்தில் பரு வந்துவிட்டது. எங்கே போனாலும் கை விரித்தார்கள். பத்தாவதில் ஃபெயிலானாள். தெருவில் போகிறவர்கள் அவளை நிறுத்தி, "நீ அந்த அழுவுற புள்ளதான? எப்பிடி இருந்த, என்னா இப்பிடி ஆயிட்ட?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். வளர்ந்ததைக் குற்றமாக நினைத்துத் தலை குனிந்து நடக்கிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்பா காதில் என்ன சொன்னார் என்பது அவள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் என்னை ஏன் அப்படிக் கிள்ளுவாய் என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "நீ செத்துட்டன்னு சொல்வாருடா. ஒவ்வொரு டேக்குக்கும் ஒவ்வொரு மாதிரி." முதல் தடவைக்கு அப்புறம் பொய் என்று தெரிந்திருக்குமே என்றேன். "தெரியும்டா. பொய்யின்னு நல்லாத் தெரியும். ஆனா அன்னிக்கின்னு பாத்து நெஜமா இருந்துட்டா?" என்றாள். வீட்டுக்கு வந்து என்னைத் தொட்டுப் பார்க்கும்வரை பஸ்ஸில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காதாம். பக்கத்து இருக்கையில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டு வருவாராம்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. குழந்தைகளைக் கொண்டு வருகிறவர்கள் "வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லுங்க சார்" என்பார்கள். "வலிக்கும்டா, கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் போயிடும்" என்றுதான் சொல்வேன். நர்சுகள் என்னைக் கல்நெஞ்சன் என்று கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் கல்யாணம் நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் குழந்தையை அப்பாதான் பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு கையில் ஒரு நல்ல போன் வந்தது. பேத்திக்கு அக்காவின் அதே கண்கள். ஆடவிட்டு, வசனம் பேசவிட்டு வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தார். அக்கா முதலில் கூடவே கூடாது என்றாள். அவர் கெஞ்சிக் கூத்தாடினார். கடைசியில் என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பாட்டு, டான்ஸ், எதுனா பண்ணிக்க. ஆனா எம் புள்ளைய அழ வெக்கக் கூடாது. அழ வெச்சன்னு தெரிஞ்சிது, அப்புறம் நீ அவளப் பாக்கவே முடியாது." அப்பா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். செய்கிறபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை. வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் கடையிலிருந்து வந்து வாசலில் நின்று குழந்தையைக் கூப்பிட்டாள். தினமும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிற குழந்தை அன்று வீறிட்டது. பின்னாலேயே நகர்ந்துபோய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டது. விளையாடுகிறாள் என்று அக்கா சிரித்துக்கொண்டே கிட்டே போனாள். "வராத! நீ பேய்! லாரில அடிபட்டு நீ செத்துட்டல்ல, தாத்தா சொன்னாரு!"

அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"சும்மாடி, ஒரே ஒரு வீடியோ" என்றார் அவர். "அப்பவே பொய்யின்னு சொல்லிட்டேன், அதுக்கு வெளங்கல. ஒனக்குந்தான் சொன்னேன். நீ என்னா கெட்டா பூட்ட? நாடே பாத்துச்சு ஒன்ன."

நான் கத்தினேன். என்னென்ன வார்த்தை வந்ததோ, பெற்ற தகப்பனைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். அக்கா தரையில் உட்கார்ந்து குழந்தை தானாக வெளியே வரும்வரை காத்திருந்தாள். வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் தூக்கிக்கொண்டு, அதன் துணிமணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இப்போது விழுப்புரத்தில் இருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள், அப்பா அதற்குப் பிறகு பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்று சொல்வதும் தப்பு. போன வாரம் மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கச் சொல்லி அக்கா எத்தனையோ முறை என்னிடம் சொல்லியனுப்பிய வீடியோ. "இதப் பாரு, அச்சு அசல் அவ அம்மாவேதான்" என்று பெருமையாக என் பக்கம் நீட்டினார். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. குழந்தை ஏங்கி ஏங்கி அழுதது. மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, போனுக்குப் பின்னால் இருப்பவரை அண்ணாந்து பார்த்து, "அப்ப எனக்கு யாரு தாத்தா சோறு ஊட்டுவா?" என்று கேட்டது. பின்னாலிருந்து அப்பாவின் குரல், ரொம்பப் பிரியமாக வந்தது.

"என்னப் பாக்காத கண்ணு. கேமராவப் பாத்துக் கேளு."