பற்றரி இல்லாத பௌதிகம்

பிறிஜெற் டீச்சர் கையில் ஒரு வெண்கட்டியைக் கொடுத்தால் போதும். மின்னழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியை, நீட்டிய கம்பி, அதன்மேல் ஓடும் சாவி, ஓரத்தில் நடுங்கும் முள் என்று, தொட்டால் ஷொக் அடிக்கும்போல வரைந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் அவரிடம் உயர்தரப் பௌதிகம் படித்த பிள்ளைகளில் பலர் அந்தக் கருவியைக் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தாலும் பயனில்லை. அதற்குப் பற்றரி வேண்டும். பற்றரியோ, யுத்தத்தால் அரசு வடக்குக்குப் போகவிடாமல் தடுத்த சாமான். சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. பரிசோதனைக்கு யார் தருவார்கள்?

பற்றரி வரட்டும் என்று பரீட்சை காத்திருக்குமா? டீச்சர் ஒரு வழி கண்டார். அளவீடுகளைத் தாமே மனத்தில் உண்டாக்கிப் பலகையில் எழுதிப்போட்டார். அதுவும் ஏனோதானோவென்று அல்ல. இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து, நிசமாகவே யாரோ அளந்ததுபோல இருக்கும். பிள்ளைகள் அதைக்கொண்டு வரைபு கீறினார்கள். விடை புத்தகத்தோடு ஒட்டிப்போயிற்று. சிலர் எஞ்சினியராகவும் போனார்கள். இதைப் பொய்யென்று டீச்சர் ஒருநாளும் நினைத்ததில்லை. அரிசி இல்லாத வீட்டில் மரவள்ளியை அவித்துக் கொடுப்பது பொய்யா என்ன?

தொண்ணூற்றைந்தில் ஊரே பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் தங்கை செலீன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அருகிலிருந்த பெண்கள் பாடசாலையில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்த வகுப்பு ஆறாம் ஆண்டு விஞ்ஞானம். உயர்தரப் பௌதிக ஆசிரியர்களுக்கு வெள்ளவத்தையில் பயிற்சி நடக்கிறது, செய்முறையிலும் தேறி வந்தால் உயர்தர வகுப்பைத் தரலாம், இல்லாவிட்டால் இப்போதிருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டியதுதான் என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவ்வளவு காலம் உயர்தரம் படிப்பித்தவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தேறாமல் வந்தால் இனி வெளியில் தலைகாட்ட மாட்டேன் என்று செலீனிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

விரிவுரைகளில் டீச்சரை அசைக்க ஆளில்லை. கடைசி நாள் செய்முறை. நடத்தியவர் ஸவாஹிர் சேர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு அழுத்தமானி. டீச்சர் தாம் வரையும் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வயர்களை இணைத்தார். கம்பியின் ஒரு முனையில் சாவியை வைத்தார். முள் இடப்பக்கம் ஓடியது. மறு முனையில் வைத்தால் வலப்பக்கம் ஓடவேண்டும். அங்கேயும் இடப்பக்கமே ஓடியது. நடுவில் எங்கே தொட்டாலும் முள் பூச்சியத்துக்கு வரவேயில்லை. தம்முடைய இணைப்பில்தான் பிழை என்று டீச்சர் நினைத்தார். இந்த வயதில் போய் அதைக் கேட்பதற்கு வாய் வரவில்லை. பிறகு கை தனக்குப் பழகிய வேலையைப் பார்த்தது. தாள் நிரம்பியது.

இணைப்பில் பிழையே இல்லை. ஸவாஹிர் சேர் வேண்டுமென்றே எல்லா மேசைகளுக்கும், கம்பிக்கு மின் கொடுக்க, இளைத்துப்போன மின்கலங்களைக் கொடுத்திருந்தார். முள் பூச்சியத்துக்கு வராது என்று கண்டு சொல்வதுதான் பரிசோதனை. சேர் தாள்களை வாங்கியபோது மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரின் தாளில் மட்டும் எல்லாம் வந்திருந்தது.

சேர் அந்தத் தாளோடு அவருடைய மேசைக்கு வந்தார்.

“இந்த அளவீடெல்லாம் எங்கேருந்து வந்த, டீச்சர்?”

டீச்சருக்கு முகமெல்லாம் எரிந்தது. இருந்தாலும் மழுப்பவில்லை.

“பத்து வருசமா இப்பிடித்தான் வந்தது, சேர். அங்க எங்களுக்குப் பற்றரி இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. வடக்கிலிருந்து வந்திருந்த இரண்டு மூன்று பேர் தங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர் போய் நல்ல மின்கலம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

டீச்சர் சாப்பிடப் போகவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மேசை அதிர்ந்தது, அது அடங்கும்வரை காத்திருந்தார். சாவியை வைத்தார். முள் இடப்பக்கம் ஓடியது, மறு முனையில் வலப்பக்கம் ஓடியது. மெல்ல மெல்ல நகர்த்த, பூச்சியத்தில் வந்து நின்றது. கம்பஸில் பட்டப்படிப்பை முடித்த பிறகு அதை அவர் காண்பது இதுதான் முதல் தடவை. தாம் படிப்பித்த பிள்ளைகள் ஒருவரும் இதைக் காணவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சோதிக்கத் தந்த சின்னப் பற்றரிக்கு விடை ஒன்று தசம் நான்கு வோல்ற்று. ஒன்றரை என்று எழுதக் கை துடித்தது. வந்ததையே எழுதினார்.

ஸவாஹிர் சேர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“புத்தகத்தில ஒன்றரைதானே, டீச்சர்?”

“புத்தகம் இந்தப் பற்றரியப் பாக்கேல்லை, சேர். நான் பாத்தனான்.”

சேர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, தாளின் அடியில் தேர்ச்சி என்று எழுதினார்.