நடுவில் வைத்த அணு

1994 மே 16, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்தேன். ஆறு மணிக்கு ஸ்டெபிலைசரைப் பார்த்து மின்னழுத்தத்தைக் குறித்தேன். ஏழுக்குக் காபி. ஏழரைக்குக் கணினியில் விடை வந்தது: பூஜ்யம். பத்தொன்பதாவது நாளாகப் பூஜ்யம்.

சேலத்து வெயில் கணினிக்கு ஆகாது என்று என் ஆய்வு நெறியாளர் கோடைதோறும் அதை ஏற்காட்டிலிருந்த தன் வீட்டுக்கு ஏற்றிவிடுவார், கூடவே என்னையும். கல்லூரியில் நான் எடுத்திருந்த மூன்றாண்டு விடுப்பு ஜூனில் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான்களில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். ஈயமில்லாத பேரியம் டைட்டனேட்டில் அந்தப் பண்பு எவ்வளவு என்று கணக்கிடுவது என் வேலை. அணுக்களின் இடங்களை எண்களாகக் கொடுத்தால், அவை நகர்ந்து அடங்கும் இடத்தைக் கணினி தேடும். டைட்டானிய அணுவை ஆறு தசம இடம் வரை பிசகாமல் மற்ற அணுக்களின் நடுவில் வைத்திருந்தேன். தினமும் வேறு அழுத்தம் கொடுத்தேன். அது அசையவே இல்லை. என் ஆய்வுக் குறிப்பேட்டின் ஒவ்வொரு நாள் பக்கத்தையும் நெறியாளர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்திடுவார்.

அன்று பத்து மணிக்கு வந்தவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து சமையலுக்கு வரும் அம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, இன்னிக்கி கடையில முட்டை வாங்காதீங்க. நம்ம சாரே ஊட்டுல போட்டு வெச்சிருக்காரு."

"சும்மா இருங்க சார். அவரு ராவும் பகலும் உக்காந்து பாக்குறாருங்க" என்றார் அந்த அம்மாள்.

நெறியாளர் பையிலிருந்து தட்டச்சு செய்த கட்டுரை ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். அதே பீங்கான், என்னுடைய அட்டவணைகள். விடை மட்டும் பூஜ்யமில்லை. ஆசிரியர் என்று அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது.

"நீங்க நொம்ப ஒழுங்குங்க. சரியா நடுவுல வெச்சா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். அது எங்கிங்க போகும்? துளி தள்ளி வெச்சிருக்கோணும்."

"எப்ப சார் தெரிஞ்சது?"

"மொத நாளே."

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிக் குடுத்து வாங்குறதுக்கு டாக்டர் பட்டம் எதுக்குங்க? வேற பீங்கான் பாருங்க. ரெண்டு வருசத்துல முடிச்சிரலாம்."

பத்தொன்பது பூஜ்யங்களுக்கும் கீழே அவர் கையெழுத்து இருந்தது. தெரிந்தே போட்ட கையெழுத்து. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அதைத் தினமும் படித்து ரசித்தவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய அஞ்சலிக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். இந்த நாளின் குறிப்பைப் படித்துவிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 17, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர் வைக்குமுன், நெறியாளரை மாற்றித் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். முதல் ஆண்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும், அதுவும் விடுப்பில்லாமல். தெரிந்தே கையெழுத்திட்டேன்.