தெரியாது என்று சொல்லாதவர்

டெல்லி கரோல் பாக் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில், மே மாத வெயிலிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்பார் அந்த ஓய்வுபெற்ற தமிழ் குமாஸ்தா. வழி கேட்கிற வெளிநாட்டவர் எவரிடமும் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாத இடத்துக்கும் முகம் மலரக் கை நீட்டிவிடுவார்.

ஒருநாள் ஒரு ஓட்டலுக்கு வழி கேட்ட வெள்ளைக்காரப் பெண், "எத்தனையோ நாடு சுற்றிவிட்டேன், உங்களைப்போல் அன்பான மக்களைப் பார்த்ததில்லை" என்று ஆங்கிலத்தில் உருகிவிட்டு, அவர் காட்டிய தவறான திசையில் நடந்தாள்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே, சார்?" என்றேன், ஆபீஸ் போக மெட்ரோ பிடிக்க வந்த நான்.

"அச்சா! அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தவளை மூஞ்சில அடிச்சாப்ல அனுப்பச் சொல்றியா?"

அன்று ஆபீஸ் முழுக்க அவர் கதையைச் சொல்லிக் கிண்டலடித்தேன். அந்த ஓட்டல் என் வீட்டுக்கு எதிரேதான் இருக்கிறது என்பதையும், மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டதென்று அவளிடம் நான் வாயே திறக்கவில்லை என்பதையும் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.