மாரீஸ்வரி பாட்டில் என் இருமல்

போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் வைத்து என் மானம் போனது.

ஆடி கடைசி வெள்ளி. ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் வரிசையாக சிடி கடைகள், கடைக்கு ஓர் ஆளுயர ஸ்பீக்கர். அதில் ஒன்றில் உறுமி முழங்கி, நாதஸ்வரம் ஏறி, அம்மன் பாட்டு ஆரம்பித்தது. கணீரென்று ஒரு பெண் குரல். கூடவே... கட்டைத் தொண்டையில் ஓர் ஆண் குரல்! சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். முதல் சரணம் முடிந்ததும் அந்த ஆள் லொக்கு லொக்கென்று இருமிவிட்டுச் சொன்னான்: "இந்த எடத்துல நல்லா மூச்சு இழுத்துக்கம்மா."

அந்த ஆள் நான்தான்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைப்பவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வாரம் கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சிவகாசியில் ஒரு பேப்பர் கட்டிங் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது சம்சுதீன் பாயின் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், பாய். சீசனில் பட்டாசுக் கடை விளம்பரம், ஆடியில் அம்மன் பாட்டு, கந்தூரி வந்தால் தர்கா பாட்டு. எல்லாவற்றுக்கும் அதே மைக், அதே பாய். இந்த வருடம் அம்மன் பாட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது.

பாடுவதற்கு பாய் ஒருவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். மாரீஸ்வரி. ஊர் ஏழாயிரம்பண்ணை. பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. முளைப்பாரி கும்மிக்கு அவர் பாட்டு எடுத்துக் கொடுத்தால் தெருவே நின்று கேட்குமாம். தாளைப் பார்த்துப் பாட வராது. ஆனால் காதில் ஒரு தரம் விழுந்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். அதனால் மெட்டு தெரிவதற்காக முதலில் நான் பாடி ஒரு ட்ராக் எடுத்தோம். "இங்கே இழுக்கணும்", "இங்கே மூச்சு வாங்கணும்" என்று நடுநடுவே யோசனையும் சொல்லி வைத்தேன். அதைக் கேட்டுப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து இரண்டே டேக்கில் பாடி முடித்தார் மாரீஸ்வரி. பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

சிடி அட்டையில் அவர் போட்டோ. 'பாடியவர்: மாரீஸ்வரி.' யோசித்துப் பாருங்கள்... நம் ஊர் அச்சகங்களில் எத்தனை நடிகைகளின் முகத்தைப் பட்டாசு லேபிளில் அடித்திருப்போம்! அந்தப் பட்டாசைச் செய்கிற பெண்ணின் முகத்தை என்றைக்காவது அடித்திருக்கிறோமா? அட்டையின் ப்ரூஃபைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் மாரீஸ்வரி.

"கடைசி வெள்ளிக்கு எங்க ஆலை வேன்ல அம்புட்டுப் பேரும் இருக்கன்குடி வாரோம் அண்ணாச்சி. அங்கன ஸ்பீக்கர்ல என் பாட்ட அவுக எல்லாரும் கேக்கணும். அதை விட்டா தீவாளி சீசன் வந்துரும். மண்டையச் சொறியக்கூட நேரம் இருக்காது" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

பாய் எட்டு வருடமாக ஒரே சாஃப்ட்வேரில்தான் மிக்ஸிங் செய்துகொண்டிருந்தார். சித்திரை மாதத்து இடியில் கம்ப்யூட்டர் புகைந்து போனது. காசு புரட்டி, ஆடி பிறந்த பிறகுதான் மதுரையில் போய்ப் புதுசு வாங்கினார்; அதில் முதல் மிக்ஸிங் இந்தப் பாட்டுதான். "பழைய வெர்ஷன் இதுல ஓடாது பாய், புது வெர்ஷன்தான்" என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது — புத்தம் புதிய தோற்றமாம்.

யாரய்யா கேட்டது தோற்றத்தை? பாட்டுக்குத் தோற்றம் எதற்கு?

பழைய வெர்ஷனில் பாய் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வார். நிஜமாகவே மூடிக்கொள்வார். உறுமியைக் குறைக்க வேண்டுமா, விரல் போகும். குரலை ஒரு நூல் ஏற்ற வேண்டுமா, போகும். எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும், அதனால் காது மட்டும் விழித்திருக்கும். புது வெர்ஷனில் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டார்கள். வால்யூம் வரிசை கீழே இருந்தது, இப்போது தனி ஜன்னல். எழுத்து இருந்த பட்டன்களில் எல்லாம் பொம்மைப் படம். கறுப்புத் திரையில் சாம்பல் நிற எழுத்து, படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். எத்தனை வால்யூம் என்கிற எண்ணைக்கூட மறைத்து வைத்திருக்கிறார்கள். மௌஸைக் கொண்டுபோய் மேலே வைத்தால்தான் தரிசனம் கிடைக்கும்.

"கண்ணு தேட ஆரம்பிச்சிட்டா காது வேலை செய்யாது அண்ணாச்சி" என்றார் பாய். "நாதஸ்வரம் சாஸ்தியா இருக்குன்னு காது சொல்லுது. கொறைக்கிற பட்டன் எங்கன இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள, எம்புட்டு சாஸ்தியா இருந்துச்சுன்னு மறந்து போயிருது. மறுபடி மொதல்ல இருந்து போட வேண்டியிருக்கு."

ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. ஞாயிறு எடுத்த பாட்டு புதன் மாலைதான் மிக்ஸிங் முடிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டும் — பிரமாதமாக வந்திருந்தது. என் ட்ராக்கை பாய் அழிக்கவில்லை. கடைசி வரை வைத்திருப்பது அவர் பழக்கம். ஏதாவது ஒரு வரியைத் திரும்ப எடுக்க நேர்ந்தால் உதவுமே? வாயை மட்டும் அடைத்து வைத்திருந்தார், அதாவது மியூட். மாரீஸ்வரியின் குரல் மட்டும் அந்தச் சின்ன அறை முழுக்க நின்றது.

அடுத்து, மிக்ஸ் செய்ததை ஒரே பாட்டாக வெளியே எடுக்க வேண்டும். பழைய வெர்ஷனில் ஐந்தரை நிமிடப் பாட்டு வெளியே வர ஐந்தரை நிமிடம் ஆகும். அது பாடிக்கொண்டே இருக்கும், பாய் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டே இருப்பார். எட்டு வருடத்தில் அவரிடமிருந்து ஒரு தப்பு வெளியே போனதில்லை என்றால் அந்த டீதான் காரணம். புது வெர்ஷனில் எப்படித் தெரியுமா? சத்தமே இல்லை. ஒரு பச்சைக் கோடு சரசரவென்று ஓடியது, 'டிங்' என்றது. இருபது விநாடி!

நான் கை தட்டினேன். ஆமாம், நானே. "பார்த்தீரா பாய், புதுசு புதுசுதான்" என்று வாய் வேறு. கீழே, சிடியைப் பிரதி எடுக்கிற ஆள் பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றான். டிஸ்க்கை அப்படியே கொடுத்தனுப்பினோம்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வேன் கும்பல் அந்தக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது. மாரீஸ்வரிதான் எல்லோரையும் இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார். என் இருமல் வந்ததும் கும்பல் கொல்லென்று சிரித்தது.

"ஏ மாரி, ஒனக்கு எப்ப மீசை மொளைச்சுச்சு?"

"மூச்சு இழுத்துக்கம்மான்னு சொல்லுதாகளே, இழுத்தியா இல்லையா?"

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. கடைக்காரரிடம் போய், "அண்ணே, இது தப்பான சிடி, நிப்பாட்டுங்க" என்றார். அவர் அசையவில்லை. "நல்லா ஓடுதுக்கா, சனங்க சிரிச்சுக்கிட்டே வாங்குதாக. எதுக்கு நிப்பாட்டணும்?" என்றார். அப்போதுதான் மாரீஸ்வரி என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயில் பக்கம் நடந்துவிட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் பாய் கண்டுபிடித்துவிட்டார். பாட்டை வெளியே எடுக்கும்போது ஒரு ஜன்னல் திறக்கிறது அல்லவா? அதன் அடியில் கடுகளவு ஒரு கட்டம். 'மியூட் செய்த ட்ராக்குகளையும் சேர்.' அதில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கிறது! பாய் அடிக்கவில்லை, நான் அடிக்கவில்லை. எந்த ஊரிலோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற மகராசன் எங்களுக்காக அடித்து அனுப்பியிருக்கிறான். வாயை மூடு என்று சொன்னால் மூட வேண்டாமா? எட்டு வருடம் மூடிக்கொண்டிருந்தது! கேட்டால் 'வசதி' என்பார்கள். யாருக்கு? ஒரு முறையாவது மிக்ஸிங் செய்கிறவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பார்களா?

காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்க வைத்துக்கொண்டிருந்த ஐந்தரை நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு 'வேகம்' என்று பெயர் வைத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி ஸ்டுடியோவுக்கு வந்தார். பாய் அந்தக் கட்டத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க ரூம்ல மருந்துத் தட்டை ஒரு சாண் தள்ளி வச்சாலே போர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. கை போற எடத்துல சாமான் இருக்கணும், இல்லாட்டி உசுரு போயிரும்பாரு. இத மாத்துனவுக, மாத்துறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா பாய்?"

"கேக்கலம்மா."

"எங்க போர்மேன்கிட்ட மாட்டணும் அவுக" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டிக்கை எடுத்துவிட்டு, என் ட்ராக்கையும் அடியோடு அழித்துவிட்டு, பாட்டைத் திரும்ப எடுத்தார் பாய். 'டிங்' என்றதும் யாரும் எழுந்திருக்கவில்லை. முழுப் பாட்டையும் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். நல்ல சிடி ஒன்று அவர் கைக்குப் போனது. ஆனால் ஆடி வெள்ளி போனது போனதுதானே?

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று மாலை ஒரு ரூபாய் பூத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, மாரீஸ்வரி பேசுதேன். வேன்ல எல்லாரும் அந்தத் தப்புச் சிடியத்தான் போடச் சொல்லுதாக. நல்லதக் குடுத்தா டிரைவரும் வாங்க மாட்டேங்காரு. காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா, ரெண்டு நாளா ஒங்க இருமலக் கேட்டுத்தான் சிரிக்காக."

தப்பு ஒரு தரம் வெளியே போய்விட்டால், பின்னால் வருகிற சரியை யார் கேட்பார்கள்? மன்னித்துக்கொள்ளம்மா என்று ஏதோ முனகினேன்.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கீக? நான் சொல்ல வந்தது வேற. இன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் போயி அந்தச் சிடிய உருவி, ரெண்டா ஒடிச்சு சன்னல் வழியா வீசிட்டேன். நல்ல சிடியப் போட்டு, பாட்டு முடியிற வரைக்கும் டிரைவர் பக்கத்துலயே நின்னேன். ஒருத்தரும் மூச்சு விடல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... 'இன்னொருக்காப் போடு மாரி'ன்னாக."

கம்பெனிக்காரர்களே, புது வெர்ஷன் போடுவது என்றால் இதுதான். கற்றுக்கொள்ளுங்கள்.